படகு குடியிருந்த வீட்டில் ஓர் இரவு

நள்ளிரவில் விழித்தபோது, படுத்திருந்த பாய்க்கு அடியில் யாரோ மெல்ல நடப்பதுபோல் ஓர் ஓசை கேட்டது. சற்று நேரம் கழித்தே அது கடல் என்று புரிந்தது. நான் படுத்திருந்தது மாடியறையில். எனக்கு நேர் கீழே, வீட்டின் தரைத்தளத்துக்குள், கடல்நீர் வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு மூன்று பக்கங்களில்தான் சுவர். நான்காவது பக்கம் கடலுக்கென்று திறந்து விடப்பட்டிருக்கிறது. கரையோர விடுதிகள் பலவற்றில் தங்கியிருக்கிறேன். கடல் வந்து தங்கும் வீட்டில் தங்கியது அதுவே முதல் முறை.

ஜப்பானின் கியோட்டோ என்றதும் பழம்பெரும் ஆலயங்களும் செர்ரிப் பூக்களும் நம் நினைவுக்கு வரும். அதே கியோட்டோ மாநிலத்தின் வடகோடியில், ஜப்பான் கடலுக்குள் நீளும் தாங்கோ தீபகற்பத்தில், இனே என்ற மீனவ ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 2,000. கியோட்டோ நகரிலிருந்து அமானோஹாஷிதாதேவுக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து கடலோரப் பேருந்தில் இன்னும் ஒரு மணி நேரம். கடந்த நவம்பர் இறுதியில் அங்கே இரண்டு இரவுகள் தங்கினேன். ஓசாகாவில் மென்பொருள் துறையில் பணியாற்றும் நண்பர் உடன் வந்தார். அவருடைய ஜப்பானிய மொழிதான் எங்கள் இருவருக்கும் வாய். சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்றொரு சொலவடை அந்த வட்டாரத்தில் உண்டு. நாங்கள் இரண்டையுமே மறந்து போயிருந்தோம்.

இனே விரிகுடாவின் கரை நெடுகிலும், ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்கு, சுமார் 230 மரவீடுகள் தோளோடு தோள் உரசித் தண்ணீரை ஒட்டி நிற்கின்றன. இவற்றுக்கு ‘ஃபுனாயா’ என்று பெயர். ‘படகின் வீடு’ என்பது பொருள். கேரளக் காயல்களில் மிதக்கும் படகு வீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே படகு வீடாகியிருக்கிறது. இங்கே படகுக்கு ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள். தரைத்தளம் கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் கற்சரிவு. படகை நேராக அதில் இழுத்து ஏற்றுவார்கள். மேல்தளத்தில் வலையும் கயிறும் காயும். குடும்பம் வாழ்ந்தது சாலைக்கு மறுபுறம் உள்ள ‘ஓமோயா’ எனும் தாய்வீட்டில்.

கடலுக்குள் இப்படிக் காலை நனைத்துக்கொண்டு நிற்கும் வீடு ஓர் அலைக்காவது தாங்குமா என்ற ஐயம் வங்கக் கடலோரத்தில் வளர்ந்த எவருக்கும் எழும். விடை அந்த நிலவமைப்பில் இருக்கிறது. விரிகுடாவின் வாய் தெற்கு நோக்கியது. ஆகவே குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து சீறி வரும் காற்றுக்கு அது முதுகைக் காட்டி நிற்கிறது. மூன்று பக்கமும் மலை. வாயிலில் அவோஷிமா என்ற சிறு தீவு கதவுபோல் அமர்ந்து அலையை உடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜப்பான் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. இங்கே கடல்மட்டம் ஆண்டு முழுவதும் ஏறி இறங்குவது அரை மீட்டர் அளவுக்குள்தான். முழங்கால் உயரத்துக்குமேல் ஏறாத கடலை வீட்டுக்குள் அனுமதிப்பதில் அச்சப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் தொடும் இடங்களில் ‘ஷீ’ எனப்படும் ஈரம் தாங்கும் மரம், மேலே உத்தரத்துக்குப் பைன் என்று கட்டுமானத்திலும் கணக்கு இருக்கிறது.

சரி, படகைக் கரையில் கட்டிவைத்தால் போதாதா, வீடு எதற்கு? மரப்படகு நீரிலேயே கிடந்தால் புழு துளைக்கும். மழையிலும் பனியிலும் நனைந்தால் அழுகும். கரையேறியதும் கட்டுமரத்தின் கட்டைகளைப் பிரித்து மணலில் காயவைத்த நம் மீனவர்களுக்கு இந்தத் தேவையை விளக்க வேண்டியதில்லை. தாங்கோவில் வெயில் அரிது, பனி மிகுதி. எனவே அங்கே காயவைக்கக் கூரை தேவைப்பட்டது. ஆக, ஃபுனாயா என்பது அடிப்படையில் ஒரு தொழிற்கருவி. தூண்டிலைப் போல, பாரைப் போல.

முன்பு இவை ஓலை வேய்ந்த தாழ்வான கொட்டில்களாகத்தான் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ‘புரி’ என்னும் குளிர்கால மீன் இந்தக் கடலில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்தப் பணத்தில் கொட்டில்கள் ஓட்டுக்கூரை போட்ட இரண்டடுக்கு வீடுகளாயின. 1930களில் தாய்வீட்டுக்கும் ஃபுனாயாவுக்கும் நடுவே மாநிலச் சாலை அமைந்தது. பல ஃபுனாயாக்கள் கடல்பக்கமாக நகர்ந்தன. இன்று பயணிகள் ‘காலம் தொடாத பழமை’ என்று புகைப்படம் எடுக்கும் தோற்றம் உண்மையில் மீன்வளமும் சாலையும் சேர்ந்து ஒரு தலைமுறைக் காலத்தில் உருவாக்கிய புதுமை. நான் தங்கிய வீடும் அவ்வகையில் எழுந்ததே. விடுதி நடத்தும் அம்மையாருடைய கணவரின் பாட்டனார் கட்டியது.

பிறகு கண்ணாடியிழைப் படகு வந்தது. அதற்குப் புழுவும் இல்லை, அழுகலும் இல்லை. இயந்திரம் பொருத்தப்பட்டு அளவும் பெரிதானது. அது பழைய வாயிலில் நுழையாது. நுழைய வேண்டிய தேவையும் இல்லை. வெளியே கட்டிவிட்டுப் போய்விடலாம். ஒரு தலைமுறைக்குள் அந்த வீடுகள் தாம் கட்டப்பட்ட காரணத்தை இழந்தன. மாடியில் மூத்த மகனுக்கோ பாட்டிக்கோ அறை போட்டார்கள். 1993இல் இனேவைக் களமாகக் கொண்ட தொடர் ஒன்று ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் நாள்தோறும் காலையில் ஒளிபரப்பாயிற்று. பயணிகள் வரத் தொடங்கினர். படகு வெளியேறிய அறைக்குள் விருந்தினர் நுழைந்தார். இந்த ஊரின் விடுதிகள் பிறந்த கதை இதுதான். எனவே குடும்ப விடுதிகளைப் பற்றிப் பேசும்போது ‘பாரம்பரிய விருந்தோம்பல்’ என்று தொடங்குபவர்களிடம் எனக்குச் சிறிது எச்சரிக்கை உண்டு. இங்கே பாரம்பரியமாக இருந்தது மீன்பிடித்தல். விருந்தோம்பல், அந்தத் தொழில் சுருங்கிய பிறகு வீட்டைக் காப்பாற்றக் கண்டெடுத்த வழி.

பெரும்பாலான ஃபுனாயா விடுதிகளைப் போலவே அங்கும் ஓர் இரவுக்கு ஒரு குழுவுக்கு மட்டுமே இடம். அம்மையாருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. கணவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் கூட்டுறவுப் படகில் வலை இழுக்கச் சென்றவர். சமையல், துப்புரவு, குளியல் தொட்டிக்கு வெந்நீர், எல்லாமே அம்மையார் ஒருவரின் கைதான். உணவு தாய்வீட்டில். சாலையைக் கடந்து, குடை பிடித்து, செருப்பை மாற்றி, மீண்டும் கழற்றி என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பயணம்.

இரண்டாம் நாள் விடியலில் அவருடன் துறைக்குப் போனோம். இனேவில் மீன்கடை கிடையாது. நிலைவலைப் படகுகள் திரும்பியதும், ஊரார் வாளியும் தள்ளுவண்டியுமாகத் துறைக்கே வந்து வாங்கிக்கொள்கிறார்கள். ‘ஹமாவுரி’, அதாவது கரை விற்பனை, என்று இதற்குப் பெயர். கூச்சல் இல்லை, பேரமும் பெரிதாக இல்லை. அம்மையார் ஒரு மீனின் செவுளைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்ததும், மீனவர் ஒருவர் சொல்லாமலேயே வேறொன்றை எடுத்து நீட்டியதும் எந்த மொழிபெயர்ப்பும் வேண்டாமலே புரிந்தன. அன்றிரவு அந்த மீன் கொதிக்கும் சாற்றில் இரண்டு முறை அலசப்பட்டு எங்கள் தட்டுக்கு வந்தது. கூடவே ‘ஹெஷிகோ’. கானாங்கெளுத்தி இனத்து மீனை உப்பிட்டு, அரிசித் தவிட்டில் புதைத்து, ஓராண்டு அளவுக்கு ஊறவைத்த பண்டம். மெல்லிய ஒரு துண்டுக்கு ஒரு கிண்ணம் சோறு இறங்குகிறது. கருவாட்டு மணத்தில் வளர்ந்த நாவுக்கு அது அயல்நாட்டு உணவாகவே தோன்றவில்லை.

இனி, சொல்லத் தயக்கமாக இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் மாலை மழை விட்ட இடைவெளியில் நான் மட்டும் தெருவில் நடந்தேன். ஒரு ஃபுனாயாவின் சாலைப்பக்கக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருள், இருளின் மறுமுனையில் சட்டமிட்டதுபோல் ஒளிரும் கடல். கால்கள் தாமாகவே உள்ளே போயின. நாலைந்து படங்கள் எடுத்தேன். கண் இருளுக்குப் பழகியபோதுதான் ஓரத்தில் ஒரு முதியவர் தாழ்வான முக்காலியில் அமர்ந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் திட்டவில்லை. எழுந்து, தலை தாழ்த்தி, ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, சிரித்துக் கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன். நண்பரிடம் அந்த ஒலிகளை நினைவிலிருந்து திருப்பிச் சொன்னேன். ‘இது என் வீடு என்று சொல்லியிருக்கிறார்’ என்றார் அவர்.

நாங்கள் இரவு உணவுக்குச் சென்றபோது அம்மையாருக்கு விஷயம் தெரிந்திருந்தது. எங்களிடம் அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாங்களே கேட்டபிறகுதான், தாம் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்ததைச் சொன்னார். அம்முதியவர் அவருடைய கணவரோடு ஒரே படகில் இருந்தவராம். மறுநாள் காலை நானும் நண்பரும் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் மீண்டும் தலை தாழ்த்தினார், எங்களைவிடத் தாழ்வாக.

என் பிழைக்கு எழுபது வயதைக் கடந்த ஒரு பெண் மழையில் நடந்து போய்த் தலைகுனிந்திருக்கிறார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த இரவில்தான் குடும்ப விடுதி என்பதன் பொருள் எனக்கு விளங்கிற்று. சுற்றுலாக் கையேடுகள் அதன் சிறப்பை வீட்டுச் சமையலிலும் பழைய உத்தரங்களிலும் தேடுகின்றன. அவற்றை எந்தப் பெரிய நிறுவனமும் நல்ல சமையற்காரரையும் தச்சரையும் வைத்து அமைத்துவிட முடியும். ஊரின் அழகை விற்றுப் பணம் பெறுபவரும், அந்த விற்பனையால் அண்டை வீட்டாருக்கு ஏற்படும் தொல்லைக்கு மறுநாள் காலை துறையில் முகம் கொடுக்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருப்பதை மட்டும் விலைக்கு வாங்க முடியாது. ஊர், விருந்தினரைப் பொறுத்துக்கொள்வது அந்த ஒருவரின் முகத்துக்காகத்தான்.

ஜப்பானியச் சட்டங்கள் இந்த உறவை எந்த அளவுக்குக் காண்கின்றன என்று திரும்பி வந்தபின் படித்துப் பார்த்தேன். பண்பாட்டுச் சொத்துகள் பாதுகாப்புச் சட்டம் 1950இல் இயற்றப்பட்டது. தனிக் கட்டடங்களை மட்டுமன்றி, வீட்டுத்தொகுதிகள் முழுவதையும் காக்கும் ஏற்பாடு 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதன்படி 2005இல் இனே தேசிய அளவில் காக்கப்படும் மரபுக் கட்டடப் பகுதியாயிற்று. அந்தத் தகுதியைப் பெற்ற முதல் மீனவ ஊர் அதுவே. எல்லைக்குள் வீடுகள் மட்டுமல்ல, விரிகுடாவின் நீர்ப்பரப்பும், அவோஷிமா தீவும், மீன்களுக்கு நிழல் தரும் என்று ஊரார் தலைமுறைகளாக வெட்டாமல் காத்த கரையோரக் காடும் அடங்கும். இந்த விரிந்த பார்வை பாராட்டுக்குரியது. கூரையையும் முகப்பையும் பழைய முறையில் செப்பனிட மானியம் உண்டு. உள்பக்கத்தை உரிமையாளர் தம் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் யார் அந்த வீட்டில் இருக்கிறார், அவர் கடலுக்குப் போகிறாரா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. கேட்கவும் முடியாதுதான்.

விடுதித் தொழிலுக்கான சட்டங்கள் வேறு. 1948ஆம் ஆண்டின் தங்கும் விடுதிச் சட்டம் உரிமம் பற்றியது. வீடுகளை வாடகைக்கு விடும் புதுவகைத் தொழிலை ஒழுங்குபடுத்த, 2018 ஜூன் மாதம் இன்னொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 180 நாள்களுக்கு மேல் விருந்தினரை ஏற்கக் கூடாது. உரிமையாளர் உடன் வசிக்கும் வீடு, வசிக்காத வீடு என்ற வேறுபாட்டையும் அது செய்கிறது; வசிக்காதவர் பதிவுபெற்ற ஒரு மேலாண்மை நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். சட்டம் சரியான இடத்தில்தான் விரலை வைத்திருக்கிறது. ஆனால் ஒப்பந்த நிறுவனத்தின் தொலைபேசி எண் குறைகளைப் பதிவு செய்யும். மழையில் நடந்து போய்த் தலைகுனியாது. அதே 2018இல் பழைய விடுதிச் சட்டமும் தளர்த்தப்பட்டது. வரவேற்பு மேசையில் ஆள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு மாற்றாக மின்னணு ஏற்பாடுகள் அனுமதிக்கப்பட்டன. பெருநகரத்தில் இது வசதி. சாலைக்கு இரு புறமும் ஒரே குடும்பத்தின் வீடுகள் நிற்கும் ஊரில், கதவுப்பூட்டின் கடவுஎண்ணைக் கைபேசியில் பெற்று வந்து போகும் விருந்தினரை யார் பொறுப்பில் சேர்ப்பது?

இந்தக் கேள்வி இனேவில் கூர்மையாவதற்குக் காரணம் வாரிசின்மை. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. மொத்த வீடுகளில் இது 13.8 விழுக்காடு. பழம்பெரும் விடுதிகளும் இதற்கு விலக்கல்ல. யமனாஷி மாநிலத்தின் மலைப்பகுதியில் உள்ள கெய்யுன்கான் விடுதி 705ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் பதிவு பெற்றது. ஐம்பது தலைமுறைகளுக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த அதுவும், ஏற்க வாரிசு இல்லாத நிலையில், 2017இல் அங்கேயே நெடுங்காலம் பணியாற்றிய குடும்பத்தைச் சேராத ஒருவரின் பொறுப்புக்குச் சென்றது.

ஜப்பானியர் ‘குடும்பம்’ என்பதை இரத்தத்தோடு மட்டும் முடிச்சுப் போடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தகுதியான மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுத்து, தொழிலை ஒப்படைப்பது அங்கே பழைய வழக்கம். நம் சாலைகளில் ஓடும் மாருதி கார்களோடு பெயர் இணைந்த ஒசாமு சுஸுகி பிறப்பால் சுஸுகி அல்லர். நிறுவனரின் பேத்தியை மணந்து அந்தப் பெயரை ஏற்றவர். மகன் வேண்டும் என்பதைவிட, வீட்டின் பெயரைத் தாங்கி அங்கே நிற்க ஓர் ஆள் வேண்டும் என்பதே அந்த வழக்கத்தின் உட்பொருள். கெய்யுன்கான் கைமாறியதும் அந்த வகையில் முறிவன்று. உள்ளிருந்து வளர்ந்த ஒருவரிடமே அது சென்றது. மானியம் வழங்கும் அரசுகள் இதைக் கவனிக்கலாம். கூரைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஊரிலேயே குடியேறி, கூட்டுறவுப் படகிலோ துறையிலோ சில ஆண்டுகள் வேலை செய்து, பிறகு ஒரு ஃபுனாயாவை ஏற்க முன்வரும் இளையோருக்குக் கொடுத்தால் என்ன? அவர் வாரிசாக இல்லாமல் போகலாம். அண்டை வீட்டாராக இருப்பார். நிபந்தனை அந்த ஒன்றுதான் என்பது என் கருத்து.

இனே பேரூரின் வடபகுதியில் உராஷிமா தாரோவுக்கு ஒரு பழைய ஆலயம் இருக்கிறது. 825இல் நிறுவப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஜப்பானியக் குழந்தைகள் அனைவருக்கும் தெரிந்த கதை அவருடையது. கடலடி அரண்மனையில் மூன்று ஆண்டுகள் களித்துவிட்டு ஊர் திரும்பும் மீனவர், கரையில் முந்நூறு ஆண்டுகள் கழிந்துபோனதைக் காண்கிறார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அம்மையாரின் மகனைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. மகன் ஓசாகாவில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றுகிறார். இரண்டு பிள்ளைகள் அங்கே பள்ளியில் படிக்கிறார்கள். வரமாட்டேன் என்று அவர் சொன்னதில்லையாம். வருவேன் என்றும் சொன்னதில்லை. இதற்கிடையே வீட்டை விலைக்குக் கேட்டு இரண்டு முறை கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர்களை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

புறப்படும் நாளில், வசந்த காலத்தில் மனைவியுடன் மீண்டும் வர விரும்புவதாகச் சொல்லி இடம் பதிவு செய்யக் கேட்டேன். அம்மையார் இழுப்பறையிலிருந்து தடித்த ஒரு குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். டிசம்பர்ப் பக்கங்கள் நிறைந்திருந்தன. ஜனவரி முதல் எல்லாப் பக்கங்களும் வெறுமை. முழங்கால் வலி கூடிவிட்டது என்றும், புத்தாண்டுக்கு மகன் வருகிறார், இருவரும் பேசி முடிவெடுத்த பிறகே மேற்கொண்டு பதிவு ஏற்பதாக இருக்கிறேன் என்றும் சொன்னார். பிறகு சற்று யோசித்து, ஏப்ரல் பக்கத்தைத் திறந்து, பென்சிலால் என் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பேருந்து நிறுத்தம் வரை குடையோடு உடன் வந்தார். வழியில் அந்த முதியவரின் வீட்டுக் கதவு அன்றும் பாதி திறந்திருந்தது.